ஊரியும் யாழும்
மட்டக்களப்பு வாவியும் அறிவியற் பரிமாற்றமும்

அறிவு பிறந்த இடத்திலேயே தங்கிவிடும் இயல்புடையதன்று. வணிகரின் பொதியோடும், துறவியரின் ஏட்டோடும், படைவீரரின் கலத்தோடும் அது நாடுவிட்டு நாடு பெயர்ந்து சென்றிருக்கிறது. இந்திய நிலத்திலே தோன்றிய பதின்ம எண்முறை, ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரத்து அல்குவாரிஸ்மியின் கையிற் கணித நூலாயிற்று. அது 1202ஆம் ஆண்டிலே பீசா நகரத்து லியொனார்டோவின் நூல்வழி இத்தாலிய வணிகரின் கணக்கேட்டிற் புகுந்தது. இத்தகைய வரலாறுகளைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் பெருநகரங்களையும் அரசவைகளையும் பேரறிஞரையுமே முன்னிறுத்துகின்றன. ஆயின், அறிவுப் பரிமாற்றம் அரண்மனையில் மட்டும் நிகழ்வதன்று. தோணியிலும் நிகழும், துறைமுகத் திண்ணையிலும் நிகழும். இவ்வுண்மையை விளக்குதற்கு ஈழத்தின் கீழ்க்கரையிலே அமைந்த மட்டக்களப்பு வாவி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பற்றிப் பேசுமிடத்து, மேனாட்டார் கொடுத்தனர், கீழைத்தேயத்தார் கொண்டனர் என்று கூறிவிடுதல் பெருவழக்காகிவிட்டது. இதற்கு மறுதலையாக, எல்லாம் எம் முன்னோரிடத்தே இருந்தன, பிறர் அவற்றைக் கவர்ந்து சென்றனர் என்று கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றும் ஆராய்ச்சிக்கு உதவுவன அல்ல. கொடுத்தவர் யார், கொண்டவர் யார், இருவருக்கும் இடையே நின்ற மொழி யாது, கொண்ட அறிவு கொடுத்தவரிடம் அவர்தம் மொழியிலே மீண்டு வந்ததா என்னும் வினாக்களை எழுப்பும்போதே பரிமாற்றத்தின் உண்மை இயல்பு புலப்படும். இவ்வினாக்களை மனங்கொண்டு வாவியின் வரலாற்றை நோக்குவாம்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் மணல்மேடு அம்முகங்களை அடைத்து நிற்க, மாரி வெள்ளம் அதனை உடைத்துக்கொண்டு கடலிற் பாயும். இதனால் வாவி நீரின் உவர்ப்பு பருவத்திற்குப் பருவம் மாறுபடும். ஞாயிறு எழும் திசையிலுள்ள கரையை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் திசையிலுள்ள கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையிலே கடலும் வாவியும் மீன்பிடித் தொழிலை வளர்த்தன. படுவான்கரையிலே வயலும் மேய்ச்சல் நிலமும் உழவை வளர்த்தன. நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் நிலவின் வளர்வு தேய்வையும் கணித்துத் தொழில் புரிந்த இம்மக்களிடத்தே, எழுத்திலே பதியப்பெறாத பேரறிவு ஒன்று தலைமுறை தலைமுறையாக நிலவி வந்தது.

இந்நீர்நிலைக்கு மேனாட்டார் வந்த வரலாறு பழமையானது. 1602ஆம் ஆண்டிலே ஒல்லாந்தக் கடற்றலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிற் கரையிறங்கி, அங்கிருந்து கண்டி மன்னனைக் காணச் சென்றான். 1628ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் வாவியின் நடுவணதாகிய புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டிலே அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1814ஆம் ஆண்டிலே மெதடிஸ்த பாதிரியாராகிய வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பள்ளிக்கூடம் நிறுவினார். கறுவாவையும் ஆட்சியையும் சமயத்தையும் நாடி வந்த இவர்களது வருகையின் பக்கவிளைவாகவே அறிவுப் பரிமாற்றமும் நிகழ்ந்தது. ஆயினும், வாவியின் அறிவு உலக விஞ்ஞான நூல்களிற் பதிவுபெற்ற தெளிவான நிகழ்ச்சி 1848ஆம் ஆண்டுக்குரியது.

அக்காலத்திலே இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே மட்டக்களப்பிற்கு வந்த அவர், வாவியின் அடியிலிருந்து இசையொத்த ஒலிகள் எழுவதாகக் கேள்வியுற்று, மீனவரை வினவினார். அவர்கள் அவரை நிலவொளியிலே தோணியில் ஏற்றிக் கோட்டைக்கு அண்மையிலுள்ள ஓரிடத்திற்கு அழைத்துச் சென்றனர். அங்கே ஒன்றோடொன்று கலந்தும் தனித்தனியே பிரித்தறியத்தக்கனவாகவும் பல நுண்ணொலிகள் நீரிலிருந்து எழுவதை அவர் செவியுற்றார். தோணியின் மரத்திலே செவியை வைத்தபோது அவ்வொலி மிகுந்து கேட்டதையும் குறித்துக்கொண்டார். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த இலங்கை பற்றிய தமது பெருநூலிலும், 1861ஆம் ஆண்டில் வெளிவந்த இயற்கை வரலாற்று நூலிலும் இச்செய்தியை எழுதினார். அவ்வழியே மட்டக்களப்பு வாவியின் ஒலி ஐரோப்பிய அறிஞர் அறிந்த பொருளாயிற்று.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது யாதெனில், ரெனன்ற் எழுதியவற்றுட் பெரும்பகுதி அவராகக் கண்டறிந்ததன்று என்பதாம். ஒலி எழும் இடம் யாது, அது கேட்கும் நேரம் யாது, கோடையிலே கேட்பது மாரி வெள்ளம் பெருகியதும் அடங்கிவிடுவதேன் என்பனவெல்லாம் மீனவர் கூறியன. ஒலியை எழுப்பும் உயிர் இதுவெனச் சில சிப்பியினங்களையும் அவர்கள் எடுத்துக் கொடுத்தனர். அவ்வுயிருக்கு அவர்கள் வழங்கிய பெயரையும் ரெனன்ற் செவிவழிக் கேட்டு உரோமன் எழுத்திலே பெயர்த்து எழுதினார். சொல்லின் எல்லை அறியாது அவர் பிரித்து எழுதிய அவ்வுருவை மீண்டும் தமிழெழுத்தில் அமைத்து நோக்கின், அது ‘ஊரி குளறுகிறது’ என்பதன் சிதைவே என்பது புலனாகும். ஊரி என்பது சிறு சிப்பி வகையைக் குறிக்கும் தமிழ்ச்சொல். குளறுதல் என்பது பொதுவழக்கிலே நாத்தடுமாறுதலைக் குறிப்பினும், ஈழத்து வழக்கிலே வாய்விட்டு அழுதலையே குறிக்கும். ரெனன்றும் அதற்கு அழும் சிப்பி என்றே பொருள் தந்துள்ளார். எனவே, ஓர் ஆங்கில அதிகாரியின் நூலிலே மட்டக்களப்பு மீனவரின் பேச்சுமொழி பொருள் வழுவாது பாதுகாக்கப்பட்டுள்ளது எனலாம். சொல் நின்றது. அதனைச் சொன்னவரின் பெயரோ எங்கும் இல்லை.

மீனவர் கூறிய விளக்கம் சரியானதா என்பது வேறு வினா. மீன்களுட் பல இனங்கள் தம் காற்றுப்பையைத் தசைகளால் அதிரச் செய்து ஒலியெழுப்ப வல்லன என்பதை இன்றைய விலங்கியல் நன்கு நிறுவியுள்ளது. இதனால் மட்டக்களப்பு வாவியின் ஒலிக்கு மீனே காரணம் என்பாரும் உளர். ‘பாடும் மீன்’ என்னும் பெயரே உலக வழக்கிலும் நிலைத்துவிட்டது. எனினும் முடிவான விடை இன்னும் காணப்படவில்லை. ஈண்டு அவதானிப்பும் விளக்கமும் வெவ்வேறானவை என்பதை உணர்தல் வேண்டும். ஒலிக்குக் காரணம் ஊரி என்பது விளக்கம், அது பிழைபடலாம். ஒலி எங்கே, எப்போது, எப்பருவத்திற் கேட்கும் என்பது அவதானிப்பு. அதனை நம்பியே ரெனன்றின் தோணி சென்றது, அவரும் ஒலியைக் கேட்டார்.

மீனவரிடமிருந்த அறிவு அவதானிப்போடு நின்றுவிடவில்லை. கருவியொன்றும் அவர்களிடத்தே இருந்தது. துடுப்பின் அகன்ற பகுதியை நீரில் ஆழ்த்தி, அதன் மறுமுனையைச் செவியோடு பொருத்தி ஒலியைக் கேட்டல் வாவி மக்களின் நெடுநாள் வழக்கமாகும். இதன் நுட்பத்தைப் பௌதிகவியல் கொண்டு விளக்கலாம். ஒலியானது வளியிலே விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றரும், நீரிலே ஏறத்தாழ 1,500 மீற்றரும் செல்லும். நீரில் எழும் ஒலி நீர்ப்பரப்பை அடையும்போது, அதன் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே வளியினுட் கடக்கும். எஞ்சியது நீருள்ளேயே திருப்பப்படும். மரமோ ஒலியைக் கடத்தும் தன்மையில் நீருக்கு அணித்தானது. ஆதலின், நீரிலே ஆழ்த்திய மரத்துடுப்பு அவ்வொலியை எளிதில் ஏற்றுச் செவிக்குக் கொணர்கின்றது. 1826ஆம் ஆண்டிலே ஜெனீவா ஏரியில் நீருள் ஒலியின் வேகத்தை அளந்த கொலடன், ஸ்ரேம் என்னும் அறிஞர் இருவரும் நீரில் ஆழ்த்திய நீண்ட குழாயொன்றினாலேயே ஏரியின் மறுபுறத்தில் அடித்த மணியோசையைக் கேட்டனர். ஜெனீவாவிலே அறிஞரும் மட்டக்களப்பிலே மீனவரும் ஒரே இடர்ப்பாட்டை எதிர்நோக்கி ஒரே வகைத் தீர்வை அடைந்தனர். அறிஞர் தம் அளவையை எண்ணாக எழுதினர்; மீனவர் எழுதவில்லை. அவ்வேறுபாடே ஒன்றை விஞ்ஞானம் என்றும் மற்றதைப் பழக்கம் என்றும் பெயர்பெறச் செய்தது.

மட்டக்களப்பிலே நிகழ்ந்தது தனித்த நிகழ்ச்சியன்று. தென்னிந்தியக் கரையிலும் இதனையொத்த நிகழ்ச்சிகளைக் காணலாம். 1769ஆம் ஆண்டிலே வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடப்பதைக் காணும்பொருட்டுப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜாந்தீல், மேகம் மறைத்தமையால் அக்காட்சியை இழந்தார். ஆயினும் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அங்கே கற்றுக்கொண்டார். 1765ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதர் முறைப்படி கணித்தபோது 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவிற் சிறந்ததெனக் கொள்ளப்பட்ட மாயரின் அட்டவணைப்படி கணித்தபோது 68 விநாடி மிகையாகவும் வந்ததென அவர் எழுதினார். பின்னர் 1825ஆம் ஆண்டிலே ‘காலசங்கலித’ என்னும் நூலை வெளியிட்ட ஜோன் வாரன், புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் நிலத்திலே சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே கூறிக் கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். இக்கணிதரிடத்தும் குறை ஒன்று காணப்பட்டது. கணித்த விடை செம்மையானது. அவ்விடை ஏன் வருகின்றது என்னும் விளக்கம் அவர்களிடத்தே வழங்கவில்லை. செயல்முறை வாழ்ந்தது, அதன் காரணம் மறைந்துவிட்டது. வாவியின் மீனவரும் சோழிக் கணிதரும் இவ்வகையில் ஒரே நிலையினரே.

இனி, அறிவு மறுதிசையிற் சென்ற வரலாற்றை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தல் வேண்டுமெனத் துணிந்தார். 1847ஆம் ஆண்டிலே ஈழம் வந்த அவர், உடலமைப்பு, மகப்பேறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் முதலிய துறைகளிலே ஆங்கில நூல்களைத் தமிழ் மாணவரின் துணையோடு தமிழாக்கினார். தமிழ்ச்சொல் உள்ளவிடத்துத் தமிழ்ச்சொல்லையும், அஃதில்லாதவிடத்து வடசொல்லையும், இரண்டும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச்சொல்லின் ஒலிபெயர்ப்பையும் கொள்ளும் நெறியை அவர் பின்பற்றினார். தமிழிலே மருத்துவம் பயின்று பலர் வெளியேறினர். எனினும் 1873ஆம் ஆண்டிலே அவர் நாடு திரும்பிய பின்னர் அம்முயற்சி நிலைபெறவில்லை. ஆங்கிலமே மீண்டும் மருத்துவக் கல்வியின் மொழியாயிற்று. வந்த அறிவு வேரூன்ற வேண்டுமாயின், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் ஊக்கம் மட்டும் போதாது. அம்மொழிக்குரிய சமுதாயமே அதனைத் தனதாக்கிக் கொள்ளுதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

மேலே கூறிய இரு குறைகளையும் ஒருங்கே நீக்க முற்பட்ட பெருமகனார் ஒருவரை அளித்த பெருமை வாவியின் தென்புலத்திற்கு உண்டு. 1892ஆம் ஆண்டிலே காரைதீவிலே பிறந்து, மயில்வாகனன் எனப் பெயர்பெற்று, பின்னர் விபுலானந்த அடிகளாக விளங்கிய அவர், கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கல்வி கற்றார். கிறித்தவப் பள்ளிகளிலே ஆங்கிலமும் கணிதமும் கற்ற அவரே, 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் சித்தியெய்தினார். அதே ஆண்டிலே கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்புளோமாவும், 1920ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பழந்தமிழ் நூலறிவும் புதிய விஞ்ஞான அறிவும் ஒருவரிடத்தே முழுமையாகச் சேர்ந்தமை அக்காலத்தில் அரிதினும் அரிது.

அடிகளார் ஆற்றிய பணிகளுள் இரண்டு இக்கட்டுரைப் பொருளோடு நேரடித் தொடர்புடையன. முதலாவது, கலைச்சொல்லாக்கம். 1936ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் முதலிய துறைகளுக்குரிய பல்லாயிரம் சொற்களைக் கொண்ட தொகுதி 1938ஆம் ஆண்டிலே வெளிவந்தது. கிறீனின் முயற்சி ஒருவரின் முயற்சி. இதுவோ ஆசிரியரும் புலவரும் விஞ்ஞானிகளும் குழுவாகக் கூடி ஆற்றிய முயற்சி. பின்னாளிலே இலங்கையில் விஞ்ஞானபாடங்கள் பள்ளிகளிலே தமிழிற் கற்பிக்கப்பட்டபோது, தமிழ் அதற்கு ஆற்றாது என்னும் ஐயம் வலுவிழந்தமைக்கு இத்தகைய முன்முயற்சிகள் காரணமாயின.

இரண்டாவது, யாழ் நூல். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியின் பயனாக விளைந்த இந்நூல், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றப்பட்டுக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் பண்களின் இலக்கணத்தையும் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு மீட்டெடுத்தலே அதன் நோக்கம். அதற்கு அடிகளார் கையாண்ட கருவி கணிதமும் ஒலியியலும் ஆகும். நரம்பின் நீளத்தை மூன்றிலிரண்டாகக் குறைப்பின் குரலுக்கு இளி பிறக்கும். நான்கில் மூன்றாகக் குறைப்பின் உழை பிறக்கும். பாதியாகக் குறைப்பின் மேற்குரல் பிறக்கும். இவ்விகிதங்களைக் கிரேக்கத்திலே பைதகரசின் வழிவந்தோர் எண்ணால் ஆராய்ந்தனர். தமிழகத்திலே பாணர் கையால் நரம்பைச் சேர்த்துச் செவியால் அறிந்தனர். மேனாட்டுப் பௌதிகம் கற்பித்த அளவைகொண்டு தமிழிசையின் மறைந்த காரணத்தைத் தமிழிலேயே அடிகளார் வெளிக்கொணர்ந்தார். செயல்முறை இருந்தும் விளக்கம் மறைந்திருந்தது எனச் சோழிக் கணிதர்பாற் கண்ட குறை, ஈண்டு இசைத்துறையிலே நீக்கப்பட்டது.

இவ்வாராய்ச்சிக்கும் வாவிக்கும் தொடர்பு உண்டு. வாவியிலே எழும் ஒலியைப் பொருளாகக் கொண்டு அடிகளார் ‘நீரர மகளிர் இன்னிசைப் பாடல்’ என்னும் செய்யுளை இயற்றினார். மீனவர் அழுகை என்றனர். ரெனன்ற் விலங்கியல் வினா என்றார். அடிகளார் நீர்மகளிரின் இசை என்றார். ஒரே ஒலி மூவர் செவியிலே மூன்று பொருள் தந்தது. கவிதை விஞ்ஞானத்திற்கு மாற்றன்று. ஆயினும், ஒரு நிலத்து மக்கள் தம் சூழலைத் தம் மொழியிலே வியந்து நோக்கும் மனப்பாங்கு இல்லாதவிடத்து, விஞ்ஞான வினாவும் அந்நிலத்திலே முளைப்பதில்லை.

1950களிலே புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க இயேசு சபைக் குருவாகிய லாங் அடிகளார், நீருள் ஒலிவாங்கியை இறக்கி வாவியின் ஒலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. துடுப்பு செய்த பணியை இப்போது மின்கருவி செய்தது. எனினும், கருவியை எங்கே இறக்குவது, எந்த இரவிலே இறக்குவது என்பன வாவியை அறிந்தோர் வழிவழி பேணிய அறிவாகவே தொடர்ந்தன.

இதுவரை கண்டவற்றால் ஒரு முடிவு பெறப்படும். அறிவுப் பரிமாற்றம் முழுமை பெறுதற்கு மூன்று படிகள் வேண்டும். ஒருவர் அறிந்ததை மற்றவர் கேட்டறிதல் முதலாவது. அதனை எழுத்தாகவும் அளவையாகவும் பதிதல் இரண்டாவது. அவ்வாறு வளர்ந்த அறிவு, அதனை முதலில் அளித்தவரின் மொழியிலே அவரிடம் மீண்டு வருதல் மூன்றாவது. ரெனன்ற் முதலிரு படிகளை நிறைவேற்றினார். மூன்றாவது அவர் நோக்கமன்று. கிறீன் மூன்றாவதை விரும்பித் தொடங்கினார்; அது நிலைக்கவில்லை. விபுலானந்த அடிகளார் இசைத்துறையிலும் கலைச்சொற்றுறையிலும் மூன்றாவதை நிகழ்த்திக் காட்டினார். வாவியின் ஒலியைப் பொறுத்தவரை அம்மூன்றாம் படி இன்னும் நிறைவெய்தவில்லை.

அதனை நிறைவு செய்தற்குரிய காலம் நீண்டதன்று. 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரின் காலத்திலே இரவிலே தோணி விடுதல் பல இடங்களில் அச்சத்திற்குரியதாயிற்று. நிலவொளியிலே துடுப்பில் செவி வைத்துக் கேட்கும் பழக்கம் இளந்தலைமுறைக்குக் கைம்மாறாது அருகியது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் தாக்கியபோது, நீரோடு வாழ்ந்து நீரை அறிந்த பலரைக் கடலே கொண்டுசென்றது. எழுதாத அறிவு அதனை உடையாரோடு மறைந்துவிடும். வந்தாறுமூலையிலே 1981ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986ஆம் ஆண்டிலே கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இவ்வாவிப் புலத்திலேயே அமைந்துள்ளது. தமிழறிந்த மாணவரும் விலங்கியல் கற்கும் மாணவரும் ஒருங்கே சென்று, முதிய மீனவர் வழங்கும் சொற்களையும் அவர்கள் குறிக்கும் இடங்களையும் பருவங்களையும் பதிவு செய்தலும், அவ்விடங்களிலே கருவிகொண்டு ஆராய்தலும், கண்ட முடிவைத் தமிழில் எழுதி அம்மீனவர்க்கே படித்துக் காட்டுதலும் செயற்கரிய செயல்களல்ல.

1848ஆம் ஆண்டிலே ஓர் அந்நிய அதிகாரியின் கையேட்டிலே ஊரியின் பெயர் இடம்பெற்றது. அப்பெயரைச் சொன்னவரின் பெயர் இடம்பெறவில்லை. இனி எழுதப்படும் நூலிலே இரண்டும் இடம்பெறுதல் வேண்டும்.